தேவாலய உட்புறச் சித்திரங்களைப் பார்க்கும் முறை: நின்ற இடம், கோடு, வெளிச்சம் – முழுமையான வழிகாட்டி

ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரையக் கூடுகிற எங்கள் சின்னக் கூட்டத்துக்குப் புதிதாக யாராவது வந்தால், ஒரு தேவாலய உட்புறச் சித்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். சிலர் "நல்லா இருக்குதுங்க" என்று அரை நிமிஷத்தில் திருப்பித் தந்துவிடுவார்கள். பாலிடெக்னிக்கில் டிராயிங் படித்தவர்கள் உடனே ஸ்கேலை எடுத்துக் கோடு இழுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் வகையினருக்கு எதைப் பிடித்துக்கொண்டு படத்துக்குள் போவது என்று தெரியவில்லை. இரண்டாம் வகையினர் உள்ளே போகாமலே கணக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வரைந்தவர் எங்கே இருந்தார், அவர் கண் எந்த உயரத்தில் இருந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் கோடு. அதற்கும் அப்புறம்தான் வெளிச்சம். வரிசையை மாற்றினால் எங்கே இடறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன். ஏறக்குறைய எல்லாத் தப்பையும் நானே செய்தவன்தான்.

1. எடுத்து வைக்க வேண்டியவை

ஒரே ஒரு படம் போதும். பத்துப் படத்தைப் பரப்பி வைத்தால் ஒப்பிடத்தான் தோன்றும், பார்க்கத் தோன்றாது.

பழகுவதற்கு நான் கொடுப்பது பீட்டர் சான்ரெடாம் (1597–1665) என்ற டச்சுக்காரரின் படங்கள். தேவாலயத்துக்குள்ளேயே இருந்து கையால் ஒரு படம் போடுவார். பிறகு கட்டடத்தின் அளவுகளை வைத்து, ஸ்கேலும் காம்பஸுமாக இன்னொரு படத்தைக் கட்டுவார். அந்தத் தாளின் பின்பக்கத்தைக் கறுப்பாக்கி, கோடுகளின் மேல் அழுத்தி, பலகைக்கு மாற்றி, அப்புறம் வண்ணம் தீட்டுவார். சில தேவாலயங்களுக்கு இந்தக் கட்டங்கள் தனித்தனியாகவே மிஞ்சியிருக்கின்றன. ஒரு படம் எப்படி உருவானது என்பதைப் பிரித்துப் பார்க்க இதைவிடத் தோதான ஆள் இல்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தன் தளத்திலிருந்து பெரிய அளவுப் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது.

ஏ4 தாளில் ஒரு பிரின்ட், அதைவிடப் பெரிய ஒரு ட்ரேசிங் ஷீட், ஹெச்பி பென்சில், 30 செ.மீ. ஸ்கேல், ஒரு முழம் தையல் நூல், செல்லோடேப். ட்ரேசிங் ஷீட் பெரிதாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. நாம் தேடப்போகிற புள்ளிகளில் ஒன்று படத்துக்கு வெளியே விழும். பிரின்டின் மேலேயே கோடு போடாதீர்கள். தப்பான கோடு ஒன்று விழுந்துவிட்டால் அழித்த பிறகும் கண் அதையே தேடிப் போகும்.

பிரின்ட் எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஒருமுறை கடையில் கொடுத்தேன். தாள் முழுக்க நிரம்பட்டும் என்று அந்தத் தம்பி படத்தை அகலவாக்கில் கொஞ்சம் இழுத்துவிட்டார். பார்த்தால் தெரியவே இல்லை. கணக்கெல்லாம் தப்பாக வந்து, சான்ரெடாமுக்கே பெர்ஸ்பெக்டிவ் (தட்டைத் தாளில் தூரத்தைக் காட்டுகிற கணக்கு) வரவில்லை என்று முடிவுகட்டி இரண்டு வாரம் ஓடிவிட்டது. அகல உயர விகிதம் மாறாமல் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை ஓரம் விழுந்தால் விழட்டும்.

2. முதல் ஐந்து நிமிஷம் ஸ்கேல் வேண்டாம்

படத்தைச் சுவரில் கண் உயரத்துக்கு ஒட்டி, எதிரே உட்காருங்கள். கை சும்மா இருக்கட்டும். உங்கள் கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, எங்கே போய் நின்றது என்று ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதி மடித்து வையுங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், கோடு இழுத்த பிறகு இந்த அனுபவம் திரும்பக் கிடைக்காது. மறைபுள்ளி, அதாவது ஆழத்தில் போகிற கோடுகளெல்லாம் சேர்கிற இடம், எங்கே என்று தெரிந்துவிட்டால் கண் நேரே அங்கேதான் ஓடும். முதல் பார்வையில் கண் ஓடிய இடத்தை வெளிச்சம் தீர்மானித்ததா, கோடு தீர்மானித்ததா என்று கடைசியில் சரிபார்க்க இந்தத் துண்டுச் சீட்டு தேவைப்படும்.

3. கண்மட்டத்தைப் பிடிப்பது

வரைந்தவரின் கண் இருந்த உயரம்தான் கண்மட்டம். படத்தின் குறுக்கே ஓடுகிற, ஆனால் யாரும் வரையாத ஒரு கோடு அது.

பிடிப்பதற்குச் சுலபமான வழி இது. ஒரே சுவரில் உள்ள கிடைக்கோடுகளைப் பாருங்கள். கண்ணுக்கு மேலே இருப்பவை தூரம் போகப் போக இறங்கும். கீழே இருப்பவை ஏறும். நடுவில் எங்கேயோ ஏறவும் செய்யாத இறங்கவும் செய்யாத ஓர் உயரம் இருக்கும். அதுதான். தறிக்கூடத்துக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மேலே டியூப்லைட் வரிசை கடைசித் தறியை நோக்கி இறங்கும், கீழே தறிகளின் கால்கள் ஏறும்.

உருண்டைத் தூணும் காட்டிக்கொடுக்கும். தூணின் தலைப்பில் உள்ள வளையம் மேல்நோக்கி வளைந்திருக்கும், அடியில் உள்ள வளையம் கீழ்நோக்கித் தொங்கும். கண்மட்டத்தில் ஒரு வளையம் இருந்தால் அது நேர்கோடாகத் தெரியும். கண்மட்டத்திலிருந்து விலக விலக வளைவு கூடும்.

அடுத்து மனிதர்களைப் பாருங்கள். தரை சமமாக இருந்து, வரைந்தவர் நின்றபடி வரைந்திருந்தால், கிட்டே நிற்பவர் தலையும் எட்டத்தில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய அதே கோட்டில் வரும். எல்லார் தலையும் கோட்டுக்கு மேலே இருந்தால் வரைந்தவர் உட்கார்ந்திருந்தார், அல்லது தாழ்வான கண்ணைத் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் கோட்டுக்குக் கீழே என்றால் மாடத்திலிருந்தோ படியிலிருந்தோ பார்க்கிறோம்.

புதியவர்கள் இங்கே செய்கிற தப்பு, கண்மட்டத்தைப் படத்தின் நடுவில் தேடுவது. இந்த வகைப் படங்களில் அது பெரும்பாலும் நன்றாகக் கீழே இருக்கும். மேலே உள்ள அத்தனை இடத்தையும் கூரைக்கும் காற்றுக்கும் விட்டுவிடுவார்கள். உயரம் உயரம் என்று நாம் உணர்வதில் பாதி இந்த ஒரே தேர்விலிருந்து வருகிறது.

4. மறைபுள்ளி

இப்போதுதான் ஸ்கேல். பெஞ்சு ஓரம், தரைக் கோடு, தூண் தலைப்புகளின் வரிசை என்று ஆழத்தில் போகிற கோடுகளில் கண்மட்டத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு எடுங்கள். ட்ரேசிங் ஷீட்டில் நீட்டுங்கள். அவை கண்மட்டக் கோட்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில் சேர வேண்டும்.

பென்சிலுக்கு முன்னால் நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்பது நல்லது. பென்சில் கோடு போட்டுவிட்டால் அதற்கு வக்காலத்து வாங்கத் தோன்றும். நூல் அப்படி இல்லை, நகர்த்திக்கொள்ளலாம்.

புள்ளி எங்கே விழுந்தது என்பதைவிட எதன்மேல் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பீடத்தின் நட்டநடுவில் விழுந்தால் வரைந்தவர் நடுப்பாதையில் நின்றார். கொஞ்சம் ஓரமாக, ஒரு தூணின் விளிம்பிலோ வெறும் சுவரிலோ விழுந்தால் அவர் ஒதுங்கி நின்றார். பூசைக்கு வந்தவர் பீடத்தைப் பார்த்து நிற்பார், கட்டடத்தைப் பார்க்க வந்தவர் ஒதுங்கித்தான் நிற்பார். சான்ரெடாம் இந்தப் புள்ளியைத் தன் தாள்களில் அவரே குறித்து வைத்திருக்கிறார். அவர் அதற்கு எழுதும் சொல் டச்சு மொழியில் கண் என்பதற்கான சொல்தான். நீங்கள் கண்டுபிடித்ததும் அவர் குறித்ததும் ஒன்றா என்று பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கோடுகள் ஒரே புள்ளியில் சேரவில்லையா? வரைந்தவர் தப்பு என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. கட்டடமே மூலைவாக்கில் பார்க்கப்பட்டதா? 1650 வாக்கில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் தேவாலயங்களைத் தீட்டிய ஹெரார்ட் ஹௌக்கேஸ்ட், நேராகப் பார்க்காமல் கோணலாகத் திரும்பி நின்றவர். அவர் படங்களில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு மறைபுள்ளிகள். அந்த மாதிரிப் படத்தை முதல் பாடமாக எடுக்க வேண்டாம்.

5. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார்

பெரும்பாலானவர்கள் மறைபுள்ளியோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கணக்கில் படம் திறப்பது இந்தப் படியில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

பொள்ளாச்சிப் பக்கம் சதுர நடவில் வைத்த தென்னந்தோப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 25 அடிக்கு ஒரு மரம், நாலு பக்கமும் ஒரே இடைவெளி. இரண்டு வரிசைக்கு நடுவில் நின்று நேரே பார்த்தால் மரங்கள் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அது மறைபுள்ளி. அப்படியே நின்ற இடத்தில் பாதிச் செங்கோணம் திரும்புங்கள். குறுக்குவாட்டிலும் ஒரு சந்து தெரியும், அதுவும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும். சதுரத்தின் மூலைவிட்டங்கள் போய்ச் சேர்கிற அந்த இரண்டாவது புள்ளிக்குத் தொலைப்புள்ளி என்று பெயர்.

படத்தில் சதுரக் கல் பாவிய தரை இருந்தால் ஒரு கல்லின் மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு போட்டு, அதைக் கண்மட்டக் கோடு வரை நீட்டுங்கள். அநேகமாகத் தாளுக்கு வெளியே போய்த்தான் முட்டும். மறைபுள்ளிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

அந்த அளவுதான் இந்தப் பிரின்டைப் பார்க்க வேண்டிய தூரம். 24 செ.மீ. என்று வந்தால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணை மறைபுள்ளிக்கு நேர் எதிரே 24 செ.மீ. தூரத்தில் வையுங்கள். தட்டையாக இருந்த தாள் உள்வாங்கும். ஓரத்தில் தடித்துத் தெரிந்த தூண்கள் சரியாகிவிடும். நான் இதைச் செய்துகாட்டும்போது பேசாமல் இருந்துவிடுவேன். எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு பெரியம்மா முதல்முறை பார்த்துவிட்டு, "ஏனுங்க, உள்ள காத்து வருதுங்களே" என்றார்.

நிஜ தூரத்தையும் கணக்குப் போடலாம். ஒரு தூண் தரையைத் தொடுகிற இடத்திலிருந்து கண்மட்டக் கோடு வரை தாளில் எத்தனை செ.மீ. என்று அளங்கள். நிற்கிற ஆளின் கண் உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24-ஐ 1.6-ஆல் பெருக்கி, அளந்த உயரத்தால் வகுக்க வேண்டும். அந்த உயரம் 4.8 செ.மீ. என்றால் தூண் 8 மீட்டர் தள்ளி இருக்கிறது. எட்டத்துத் தூணுக்கு 1.2 செ.மீ. என்றால் 32 மீட்டர். உட்கார்ந்து வரைந்திருப்பார் என்று மூன்றாம் படியில் தெரிந்திருந்தால் 1.6-க்குப் பதில் 1.2 என்று போடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். கண் உயரம் தெரியாமல் தூரம் வராது.

இங்கே எல்லாரும் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. டச்சுத் தேவாலயங்களின் தரையில் கல்லறைக் கற்கள் பதித்திருப்பார்கள். அவை சதுரம் அல்ல, ஆள் நீளத்துக்கு நீள்சதுரம். அவற்றின் மூலைவிட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தூரம் தப்பாகத்தான் வரும். சதுரக் கல்லோ, தூணின் சதுர அடிப்பீடமோ கிடைத்தால் மட்டும் இந்தப் படி. கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள், குடி முழுகிவிடாது.

6. தூண் வரிசையும் வளைவுகளும்

தூண்களின் இடைவெளி தூரத்தில் சுருங்க வேண்டும், சரி. எவ்வளவு சுருங்க வேண்டும்? முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நட்டநடு உயரம் வழியாக ஒரு கோடு இழுங்கள். தூண்கள் சம இடைவெளியில் இருந்தால் அந்தக் கோடு மூன்றாம் தூணின் அடியில் போய் முட்டும். முட்டவில்லை என்றால் கட்டடத்திலேயே இடைவெளி வேறு, அல்லது வரைந்தவர் மாற்றினார். பழைய கட்டடங்களில் முதல் காரணம் சகஜம்.

வளைவின் உச்சியையும் பாருங்கள். ஆழத்தில் போகிற வரிசையில் இருக்கிற வளைவின் உச்சி, தாளில் இரண்டு தூணுக்கும் நடுவில் வராது. எட்டத்துத் தூணின் பக்கம் கொஞ்சம் தள்ளி வரும், ஏனென்றால் கிட்டே உள்ள பாதி அதிக அகலமாகத் தெரிகிறது. புதிதாக வரைகிறவர்கள் உச்சியை நடுவில் வைத்துவிடுவார்கள். வளைவு உடனே சுவரிலிருந்து பெயர்ந்து நம் பக்கம் திரும்பிக்கொள்ளும். நல்ல கையில் அந்தத் தள்ளல் எவ்வளவு மெல்லியது என்று பார்ப்பதே ஒரு சுகம்.

7. கோடு

என் பிழைப்பு சென்னிமலையில், போர்வைகளுக்கு ஜக்கார்டு டிசைன் போடுவது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புகிற வேலை. அங்கே எல்லாக் கோட்டுக்கும் ஒரே மரியாதை. அந்தப் பழக்கத்தோடு சித்திரத்துக்கு வந்ததால், கோடுகளுக்குள் பெரியவர் சின்னவர் உண்டு என்பது எனக்கு உறைக்க வெகு நாளானது.

முதலில் ஸ்கேல் கோடா, கைக்கோடா என்று பிரியுங்கள். ஸ்கேல் கோடு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே அழுத்தம். கைக்கோடு நடுவில் ஒரு மூச்சு விடும், முடிகிற இடத்தில் மெலியும் அல்லது ஒரு சின்னக் கொக்கி போடும். சான்ரெடாம் தேவாலயத்துக்குள் இருந்து போட்ட தாளையும், பிறகு ஸ்கேலால் கட்டிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது பட்டென்று தெரியும். முதல் தாளில் கை தேடுகிறது. இரண்டாவதில் முடிவெடுத்துவிட்டது. எனக்கு முதல் தாள்தான் பிடிக்கும், ஆனால் இரண்டாவது இல்லாமல் முதலாவது எதைத் தேடியது என்று புரிந்திருக்காது.

அப்புறம் அழுத்தம். கிட்டே உள்ள தூணின் விளிம்பு அழுத்தமாகவும் எட்டத்தில் உள்ளது மெல்லியதாகவும் இருந்தால், மறைபுள்ளி இல்லாமலே ஆழம் வந்துவிடும். ஒரே தூணிலேயே இரண்டு விளிம்பும் வேறு வேறாக இருக்கும். வெளிச்சம் விழுகிற பக்கத்து விளிம்பு மெலிந்தோ, விட்டுவிட்டோ, சில சமயம் இல்லாமலோ போகும். நிழல் பக்கத்து விளிம்பு உறுதியாக நிற்கும்.

கடைசியாக, கோடு இல்லாத இடங்கள். ட்ரேசிங் ஷீட்டில் கோடே இல்லாத பகுதிகளை மட்டும் வட்டமிடுங்கள். வெள்ளைச் சுவர், கூரையின் ஒரு பாதி, தரையின் முன்பகுதி என்று வரும். அங்கே ஒன்றும் இல்லாததால் விட்டார் என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் விரிசல், கறை, காரை பெயர்ந்த இடம் எல்லாம் இருந்திருக்கும். விட்டது அவர் முடிவு. எதையெல்லாம் விட்டார் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள், வரைந்ததைவிட அது நீளும்.

புதியவர்கள் இங்கே நேர்த்தியைத்தான் மெச்சுவார்கள். "ஸ்கேல் வச்ச மாதிரியே இருக்குதுங்கண்ணா." ஸ்கேல் வைத்ததற்குச் சமம் என்பது ஒரு கைக்கோட்டுக்குப் பெரிய பாராட்டு இல்லை.

8. வெளிச்சம்

இதைக் கோட்டுக்குப் பிறகு வைத்ததற்குக் காரணம், வெளிச்சம் மயக்கும். முதலிலேயே அதைப் பார்த்துவிட்டால் மற்ற எல்லாம் அதன் அலங்காரம் போலத் தெரியும்.

முதல் வேலை, கண்ணை நன்றாகச் சுருக்கிக்கொண்டு படத்தில் எத்தனை படிநிலை இருக்கிறது என்று எண்ணுவது. வெளுப்பு, நடுத்தரம், இருட்டு என்று மூன்றுக்குள் அடக்கப் பாருங்கள். வண்ணப் படம் என்றால் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். கரிக்கோட்டுச் சித்திரத்தில் மிக வெளுத்த இடம் எதுவும் பூசப்பட்டதல்ல, அது தாளேதான். தாளை எங்கே சும்மா விட்டிருக்கிறார் என்று தேடினால் ஜன்னல் இருக்கிற திசை கிடைக்கும், ஜன்னல் படத்துக்குள் இல்லாவிட்டாலும்.

இரண்டாவது, நிழலுக்குள் பாருங்கள். உள்ளே முழுக்க வெள்ளை பூசிய தேவாலயத்தில் நிழல் கறுப்பாக இருக்காது. ஒரு சுவரில் விழுந்த வெளிச்சம் எதிர்ச் சுவருக்கும், தரையில் விழுந்தது வளைவின் அடிப்புறத்துக்கும் போய்ச் சேரும். வளைவின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட வெளிறியிருந்தால் அது தப்பல்ல, தரை எழுப்பிய வெளிச்சம். நம் பழைய ஓட்டு வீட்டு ஆசாரத்தில் வெயில் விழும்போது கூரைச் சட்டத்தின் அடிப்பக்கம் மினுங்குமே, அதேதான். இதைக் கவனிக்காமல் நிழலைக் கறுப்பால் நிரப்பிய பிரதிகளை நிறையப் பார்த்துவிட்டேன். தேவாலயம் குகை ஆகிவிடும்.

மூன்றாவது, தரையில் விழும் ஜன்னல் வெயில். இங்கேதான் நம் ஊர்க் கண் ஏமாறும். சான்ரெடாம் வாழ்ந்த ஹார்லெம் நகரம் வடக்கே 52 பாகையைத் தாண்டி இருக்கிறது. டிசம்பர் மாத நண்பகலில் அங்கே சூரியன் தரையிலிருந்து சுமார் 14 பாகைதான் எழும்பும், ஜூனில் சுமார் 61. கோயம்புத்தூர் இருப்பது 11 பாகையில். இங்கே டிசம்பர் நண்பகலிலேயே சூரியன் 55 பாகைக்கு மேல் நிற்கும். ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நேர் உச்சிக்கே வந்துவிடும்.

தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் தெற்கே ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நண்பகலில் கோவையில் அதன் வெயில் சுவரிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி விழும். ஹார்லெமில் சுமார் 12 மீட்டர் உள்ளே போய் விழும், அதாவது எதிர்ப்பக்கத் தூணில் ஏறிவிடும். தூணின் நடு உயரத்தில் வெயில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து "இது எப்படிங்க முடியும், லைட்டு வச்சாங்களா" என்று கேட்காதவர் எங்கள் கூட்டத்தில் இல்லை. அந்த ஊரில் முடியும்.

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் பெரும்பாலும் பீடம் கிழக்கே இருக்கும்படி கட்டப்பட்டவை. அப்படியானால் பீடத்தைப் பார்த்து நிற்கும்போது வலக்கைப் பக்கம் தெற்கு. சூரியன் வருவது அங்கிருந்துதான். இடக்கைப் பக்கம் வடக்கு, அங்கிருந்து வருவது ஆடி மாச மேகத்தடியில் கோவையில் கிடைப்பது போன்ற சீரான, நிழல் போடாத வெளிச்சம். படத்தில் வெயில் கட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, காலையா மாலையா என்று ஊகிக்கலாம். நம் ஊரில் மனை எப்படி அமைந்ததோ அப்படி நிற்கிற சர்ச்சுகளும் உண்டு, அதனால் இந்தச் சூத்திரத்தை இங்கே கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம்.

வெளிச்சத்தையே முதன்மையாக வைத்தவரைப் பார்க்க ஆசைப்பட்டால் இமானுவேல் டி விட் என்ற இன்னொரு டச்சுக்காரரின் ஓவியங்களுக்குப் போங்கள். தூணிலும் தரையிலும் துண்டு துண்டாக வெயில், நடுவில் கறுப்பு உடுப்பு மனிதர்கள். ஆனால் சான்ரெடாமுக்கு அப்புறம் போங்கள். முன்னால் போனால் சான்ரெடாம் சப்பென்று இருப்பார்.

9. எங்கே மீறினார்

இதுவரை செய்ததெல்லாம் இதற்கான ஏற்பாடு. விதி தெரிந்த பிறகுதான் மீறல் தெரியும்.

கணக்குக்கும் படத்துக்கும் ஒத்துவராத இடங்களை ட்ரேசிங் ஷீட்டில் குறியுங்கள். மூன்று வகை வரும். ஒன்று, கணக்கே அப்படித்தான்: மிகக் கிட்டே நின்று அகலமாகப் பார்த்தால் ஓரத்து உருண்டைத் தூண் நடுத்தூணைவிடத் தடிமனாக விழும். அது தப்பல்ல, ஐந்தாம் படியில் சொன்ன தூரத்தில் கண்ணை வைத்தால் சரியாகிவிடும். இரண்டு, கை பிசகியது. மூன்று, வேண்டுமென்றே செய்தது.

மூன்றாவதுதான் ருசி. சான்ரெடாமே நேரில் வரைந்த தாளுக்கும் பிறகு கட்டிய தாளுக்கும் இடையில் சில இடங்களில் தூணை மெலிய வைத்து, வளைவை உயர்த்தியிருக்கிறார். அவ்வளவு அளந்த மனிதர் அளவு தெரியாமல் செய்திருக்க மாட்டார். டி விட் வெவ்வேறு தேவாலயங்களின் பகுதிகளைச் சேர்த்து எங்குமில்லாத உட்புறங்களையே உண்டாக்கியவர். இத்தாலியில் பிரனேசி என்ற செதுக்கோவியர், ரோமின் புனித பேதுரு பேராலயத்து உட்புறத்தைச் செதுக்கும்போது மனிதர்களை எறும்பாக்கிக் கட்டடத்தை மலையாக்கினார். மனிதர் தலையைக் கண்மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்தத் தந்திரம் பிடிபட்டுவிடும்.

இப்போது மடித்து வைத்த துண்டுச் சீட்டைப் பிரியுங்கள். முதல் பார்வையில் கண் போய் நின்ற இடத்தை மறைபுள்ளியோடும், தாளை வெறுமனே விட்ட இடத்தோடும், இந்த மீறல்களோடும் ஒப்பிடுங்கள். எனக்குப் பெரும்பாலும் மறைபுள்ளியோடு ஒத்துப்போவதில்லை. கண் வெளிச்சத்துக்குத்தான் போயிருக்கிறது, மறைபுள்ளி அதை அங்கே கூட்டிப்போகும் வழியை மட்டும் போட்டிருக்கிறது.

10. நம் ஊர் சர்ச்சில் உட்கார்வது

நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் இல்லை. முதல் தடவை தயங்கித் தயங்கித்தான் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கத்தோலிக்க ஆலயம் என்றால் பங்குச் சாமியாரிடமோ உபதேசியாரிடமோ, சி.எஸ்.ஐ. சபை என்றால் ஆயரிடமோ. பூசை, ஆராதனை, கல்யாணம், அடக்கம் இல்லாத நேரமாகக் கேளுங்கள். வார நாளில் காலை பத்து மணி வாக்கில் பெரும்பாலும் தோதுப்படும்.

ஈரோட்டில் பிரப் நினைவு தேவாலயம், கோவையில் புனித மிக்கேல் பேராலயம், நெடுஞ்சாலையோரம் கருமத்தம்பட்டி செபமாலை மாதா பசிலிக்கா என்று பெரியவை இருக்கின்றன. பழகுவதற்கு நான் சொல்வது உங்கள் ஊர்ச் சின்ன சர்ச்தான். பெரிய கட்டடத்தில் கண் அலையும். அதுவும் முடியாவிட்டால் தூண் வரிசையுள்ள எந்தக் கோயில் பிராகாரமும் மூன்றாம் படியிலிருந்து ஆறாம் படி வரைக்கும் உதவும்.

வரைய வேண்டாம், முதல் நாள் பார்க்க மட்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்மட்டம் எதிர்ச் சுவரில் எந்தப் பொருளின்மேல் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று மறுபடி பாருங்கள், அது ஏறியிருக்கும். இரண்டு பெஞ்சு வலப்பக்கம் நகருங்கள், மறைபுள்ளியும் கூடவே நகரும். புத்தகத்தில் நாலு பக்கம் படிப்பதை இது இரண்டு நிமிஷத்தில் உடம்புக்குச் சொல்லிவிடும்.

பல சர்ச்சுகளில் ஜன்னலில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி இருக்கும். கறுப்பு வெள்ளையில் நினைக்கும்போது சிவப்புக் கண்ணாடி நீங்கள் எண்ணுவதைவிட இருட்டு. டியூப்லைட் எரிந்தால் அணைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிழலின் திசையைப் பிடிக்க முடியாது.

தரையில் வெயில் கட்டம் விழுந்திருந்தால், அதன் மேல் ஓரத்து மூலையில் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். சாக்பீஸ் வேண்டாம், துடைப்பது அவர்கள் வேலையாகிவிடும். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கொட்டைக்கும் வெயிலுக்கும் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி வந்திருக்கும். ஒரு சித்திரத்தில் வெயில் கட்டம் இருந்தால், வரைந்தவர் அதை இந்த வேகத்தோடு போட்டி போட்டுப் பிடித்தாரா, அல்லது வீட்டில் உட்கார்ந்து வைத்தாரா என்ற கேள்வி அப்போதுதான் வரும். அதற்குப் பதில் ஏழாம் படியில், அந்தக் கட்டத்தின் விளிம்புக் கோட்டில் இருக்கும். போகும்போது கொட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.